தாள்கட்டில் காத்திருந்த இசை

(கும்மிடிப்பூண்டி வட்டார ஆசிரியர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலை முழுவதும் மதிப்பீடு பற்றிப் பேசினோம். மதிய உணவுக்குப் பிறகு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு சிம்பொனி. கொஞ்சம் கண்ணயரலாம் என்று யாராவது நினைத்திருந்தால் தவறில்லை. ஆனால் இதுவும் மதிப்பீடு பற்றிய பேச்சுதான். ஒரு படைப்பை நல்லது என்று யார் சொல்கிறார்கள்? எப்போது சொல்கிறார்கள்? அப்படிச் சொல்லும் வரை அந்தப் படைப்பு எங்கே, யார் கையில் இருக்கிறது? இந்த மூன்று கேள்விகளைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் உள்ள ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியது. மிக்கெல் டாம்ஸ் என்பவர் வாத்தியக் குழுவை நடத்தினார். அப்போது இளையராஜாவுக்கு வயது 81. ஊர் திரும்பியவரை அரசு சார்பில் வரவேற்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு சென்னையில் பாராட்டு விழாவும் நடத்தியது. இதெல்லாம் செய்தித்தாளில் வந்தது, நம் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, “சார், சிம்பொனின்னா என்ன?” என்று கேட்டால் என்ன சொல்வோம்? அங்கிருந்து தொடங்குகிறேன்.

வரைபடம் பார்த்து வாசிப்பது

சிம்பொனி என்பது ஒரு பெரிய வாத்தியக் குழுவுக்காக எழுதப்படும் நீண்ட இசைப் படைப்பு. வயலின் குடும்பத்து நரம்புக் கருவிகள், குழல்கள், பித்தளை ஊதுகருவிகள், தாளக் கருவிகள் எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் பாட்டு வரிகள் இருக்காது. வழக்கமாக நான்கு பகுதிகள். ஒரு திரைப்பாடல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சிம்பொனி அரை மணி, முக்கால் மணி, சில ஒரு மணி நேரம்கூடப் போகும். தொடக்கத்தில் வரும் சின்ன மெட்டு வளரும், உடையும், வேறு கருவிக்குத் தாவும், கடைசியில் புதுக்கோலத்தில் திரும்பி வரும். கதையில் ஒரு பாத்திரத்தைத் தொடர்ந்து போவது மாதிரி அந்த மெட்டைத் தொடர்ந்து போக வேண்டும்.

இதில் பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கப் போவது வேறொன்று. அந்த இசை முதலில் காதில் பிறப்பதில்லை, தாளில் பிறக்கிறது. எந்தக் கருவி, எந்த நொடியில், எந்தச் சுரத்தை, எவ்வளவு மெதுவாக அல்லது உரக்க வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். வாசிப்பவர் அந்த இசையை முன்பு கேட்டிருக்க வேண்டியதில்லை. இசையமைப்பாளரைப் பார்த்திருக்கவும் வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க லண்டன் வரை போக வேண்டாம், சிப்காட் போதும். பட்டறையில் டர்னராக வேலை பார்க்கும் ஒரு மாணவியின் அப்பா கையில் டிராயிங் தாள் ஒன்று இருக்கும். வரைந்தவர் எங்கோ இருக்கிறார். தாளில் உள்ள அளவைப் பார்த்து இவர் இங்கே கடைகிறார். வேறொரு பட்டறையில் வேறொருவர் அதற்கு ஜோடியான பாகத்தைக் கடைகிறார். இரண்டையும் சேர்த்தால் பொருந்துகிறது. இசைக்குறிப்பும் அப்படிப்பட்ட டிராயிங்தான். எல்லாப் பாகமும் ஒரே நேரத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று முன்னால் நின்று பார்ப்பவர்தான் கண்டக்டர். கண்டக்டர் என்றதும் பிள்ளைகள் பேருந்தை நினைப்பார்கள். நினைக்கட்டும், சிரித்துவிட்டு மேலே போகலாம்.

எழுதப்பட்ட இசைக்கு ஒரு பலமும் உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. எழுதியவர் இறந்த பிறகும் அது உயிரோடிருக்கும், அது பலம். யாரும் எடுத்து வாசிக்காவிட்டால் வெறும் காகிதக் கட்டாகவே கிடக்கும், அது ஆபத்து.

பண்ணைப்புரத்திலிருந்து

இளையராஜா 1943இல் இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராக மேடையேறி வளர்ந்தவர். மெட்டு, தாளம், கூட்டத்தைக் கட்டிப்போடும் திறமை எல்லாம் அந்த மேடைகளிலேயே கிடைத்துவிட்டன. 1960களின் இறுதியில் சென்னைக்கு வந்தபோது அவருக்குக் கிடைக்காமல் இருந்தது ஒன்றே ஒன்று. அதைக் கொடுத்தவர் தன்ராஜ் மாஸ்டர்.

தன்ராஜ் மாஸ்டர் கற்றுக்கொடுத்தது மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும். நம் மொழியில் சொன்னால் எண்ணும் எழுத்தும். பள்ளியில் ராஜையா என்று இருந்த பெயரை ‘ராஜா’ என்று சுருக்கிக் கூப்பிட்டவரும் அவர்தான் என்பார்கள். பிறகு லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. 1976இல் ‘அன்னக்கிளி’. அதற்குப் பிறகு நடந்ததை நம் வீட்டு வானொலிகளே சொல்லும்.

திரைப்படத்துக்கு மட்டும் பாட்டுப் போட இந்த எழுத்தறிவு கட்டாயமில்லை. அது இல்லாமலே பெயர் பெற்றவர்கள் இருக்கிறார்கள். சிம்பொனிக்கு அது இல்லாமல் முடியாது. ஓர் ஆசிரியர் எப்போதோ கற்றுக்கொடுத்த எழுத்து, அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து லண்டன் மேடையில் பலன் கொடுத்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு நம் பாடத்தின் பலனைப் பார்க்க அவ்வளவு காலம் காத்திருக்கும் பொறுமை இருக்கும்?

அந்த லண்டன் மேடையும் முதல் முயற்சி இல்லை. 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ என்ற இசைத்தொகுப்பை தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக வெளியிட்டார். 1993இல் லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுக்காக ஒரு சிம்பொனி எழுதினார். ஜான் ஸ்காட் நடத்த, வால்தம்ஸ்டோ நகர மன்றத்தில் அது ஒலிப்பதிவும் ஆனது. அன்று தமிழ்நாடே கொண்டாடியது. ஆனால் அந்தப் பதிவு வெளியாகவில்லை. 2005இல் திருவாசகத்தை புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைக் கொண்டு இசைத்து வெளியிட்டார். அதையும் நாம் சிம்பொனி என்கிறோம். பாடகரும் பாட்டு வரியும் கொண்ட அந்த வகைக்கு ஒரட்டோரியோ என்று பெயர். பிறகுதான் 2025.

1993க்கும் 2025க்கும் இடையே 32 ஆண்டுகள். 1993இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இன்று உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோராக உட்கார்ந்திருப்பார். அத்தனை புகழ், அத்தனை ரசிகர்கள், அத்தனை விருதுகள் உள்ள ஒருவருக்கே தாளில் எழுதிய சிம்பொனி மக்கள் காதுக்கு வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. புகழ் ஏதும் இல்லாதவருக்கு?

வியன்னாவின் உதவி ஆசிரியர்

அப்படி ஒருவர் இருந்தார். அவரும் நம்மைப் போல ஆசிரியர். பெயர் பிரான்ஸ் ஷூபர்ட். 1797இல் வியன்னாவில் பிறந்தார். அப்பா ஒரு சிறிய பள்ளியை நடத்தியவர். 17 வயதில் அந்தப் பள்ளியிலேயே உதவி ஆசிரியராகச் சேர்ந்து, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் 1815ஆம் ஆண்டில், பள்ளி வேலைக்கு இடையே, அவர் எழுதிய பாடல்கள் மட்டும் நூற்றுக்கு மேல்.

1825இல் தொடங்கி அவர் எழுதிய பெரிய சிம்பொனி ஒன்று உண்டு. சி மேஜர் சுரவரிசையில் அமைந்தது. பின்னாளில் அதற்கு ‘கிரேட்’ என்று பெயர் வைத்தார்கள். வியன்னா இசை நேயர் சங்கத்துக்கு அதைக் கொடுத்தார். சங்கம் ஒரு தொகையை அன்பளிப்பாகத் தந்தது. குழுவினர் எடுத்துப் பார்த்தார்கள். நீளம், கடினம் என்று ஒதுக்கி வைத்தார்கள். 1828 நவம்பரில், 31 வயதில், ஷூபர்ட் இறந்துபோனார். தம் பெரிய சிம்பொனி ஒரு மேடையில் ஒலித்து அவர் கேட்டதே இல்லை.

கையெழுத்துப் படிகள் அண்ணன் பெர்டினாண்ட் வீட்டுக்குப் போயின. பெர்டினாண்டும் பள்ளி ஆசிரியர். தம்பியின் காகிதக் கட்டுகளை அவர் பத்தாண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். 1839ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று ராபர்ட் ஷூமன் என்ற இளம் இசையமைப்பாளர் அவர் வீட்டுக்கு வந்தார். பெர்டினாண்ட் கட்டுகளை எடுத்துக் காட்டினார். அவற்றுள் இந்தச் சிம்பொனி இருந்தது. ஷூமன் அதை லைப்சிக் நகருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அங்கே மெண்டல்சன் நடத்த, 1839 மார்ச் 21 அன்று அது முதன்முறையாக மேடையேறியது. ஷூமன் தம் இதழில் அதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார்.

கதை அத்தோடு சுபமாக முடியவில்லை. அதே ஆண்டு வியன்னாவில் இரண்டு பகுதிகளை மட்டும் வாசித்தார்கள், அதுவும் நடுவே வேறொரு பாட்டைச் செருகி. பாரிசில் 1842இல் ஒத்திகையிலேயே வாத்தியக்காரர்கள் மேற்கொண்டு வாசிக்க மறுத்தார்கள். லண்டனில் 1844இல் கடைசிப் பகுதியில் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு குழுவினர் சிரித்தார்கள். மெண்டல்சன் அதை நிகழ்ச்சியிலிருந்தே எடுத்துவிட்டார். அவர்கள் யாரும் திறமையற்றவர்கள் இல்லை, அக்காலத்தின் தலைசிறந்த கலைஞர்கள். பழக்கமில்லாத ஒன்று முதலில் பிழை போலத் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. விடைத்தாள் திருத்தும் நம் சிவப்புப் பேனாவுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது.

அவருடைய இன்னொரு சிம்பொனி இரண்டு பகுதிகளோடு நின்றுவிட்டது. ‘முற்றுப்பெறாதது’ என்றே அதற்குப் பெயர். 1822இல் எழுதியது. நண்பர் ஹூட்டன்பிரென்னரிடம் அது பல ஆண்டுகள் கிடந்தது. 1865 டிசம்பர் 17 அன்றுதான் மேடைக்கு வந்தது. எழுதி 43 ஆண்டுகள் கழித்து. இன்று உலகத்தில் அதிகம் கேட்கப்படும் சிம்பொனிகளில் அதுவும் ஒன்று.

பெரிய சிம்பொனியின் கதையில் மூன்று பேரைக் கவனியுங்கள். ஒருவர் காத்தார், ஒருவர் திறந்து பார்த்தார், ஒருவர் மேடையேற்றினார். ஷூமனும் மெண்டல்சனும் மேதைகள். நம்மால் அவர்களாக முடியாது. முதலாமவர் பள்ளி ஆசிரியர். அவர் செய்தது நம்மாலும் முடியும்.

நமக்குப் பக்கத்திலேயே

இது ஐரோப்பாவில் மட்டும் நடக்கும் கதை என்று நினைக்க வேண்டாம். ஷூபர்ட் வாழ்ந்த அதே காலத்தில் இங்கே வாழ்ந்தவர் முத்துசாமி தீட்சிதர். அவர் தம் முதல் கீர்த்தனையைப் பாடியது நம் மாவட்டத்துத் திருத்தணியில்தான் என்பது மரபு. தீட்சிதரின் குடும்பத்தை ஆதரித்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். மணலி இங்கிருந்து சென்னை போகிற வழியில்தான் இருக்கிறது. அந்த ஆதரவால் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியின் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்ததைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் சகோதரர்களுக்குக் கிடைத்தது. தம்பி பாலுசாமி வயலின் கற்றார். அண்ணன் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். அவைதாம் நொட்டுஸ்வரங்கள். இளையராஜாவுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் இரண்டு இசைகளும் கைகுலுக்கிவிட்டன.

தீட்சிதர் 1835இல் மறைந்தார். அவர் கீர்த்தனைகள் சீடர்கள் வழியாகவும் குடும்பத்தின் வழியாகவும் வாழ்ந்தன. அவை அழிந்துவிடக் கூடாது என்று தவித்தவர் சின்னசாமி முதலியார். சென்னையில் அரசு அலுவலராக இருந்த கிறித்தவர். நம் இசையை மேற்கத்தியக் குறியீட்டில் எழுதி அச்சிடத் தொடங்கியவர். எட்டயபுரத்தில் இருந்த சுப்பராம தீட்சிதரிடம், குடும்பத்தில் உள்ளதையெல்லாம் வெளியிடுங்கள் என்று அவர் வற்புறுத்தினார். எட்டயபுரம் அரண்மனையின் ஆதரவோடு 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. தீட்சிதர் மறைந்து 69 ஆண்டுகள். இங்கேயும் காத்தவர் ஒருவர், தட்டி எழுப்பியவர் ஒருவர், அச்சேற்ற உதவியவர் ஒருவர்.

ஏப்ரலில் என்ன ஆகிறது?

இப்போது நம் பள்ளிக்கு வருவோம். நம் வட்டாரத்துப் பிள்ளைகள் ஓரிடத்தில் நிலைத்து இருப்பவர்கள் இல்லை. ஒப்பந்த வேலை முடிந்ததும் அப்பா வேறு ஊர் போகிறார், பிள்ளையும் போகிறது. செங்கல் சூளைக்கு வரும் ஒடிசாக் குடும்பங்கள் பருவம் முடிந்தால் கிளம்பிவிடும். ஆந்திர எல்லை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள், ஈழத்தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளைகள், இருளர் குடியிருப்புப் பிள்ளைகள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் பல மொழி, பல பாட்டு, பல கதை.

அந்தப் பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்போது நாம் கையில் கொடுப்பது மாற்றுச் சான்றிதழ். அதில் பிறந்த தேதி இருக்கும், அங்க அடையாளம் இருக்கும். அது வரைந்த படம் இருக்காது. எழுதிய கதை இருக்காது. ஆண்டு இறுதியில் நோட்டுகள் எடைக்குப் போகின்றன. கலைத் திருவிழாவில் பரிசு பெற்ற பிள்ளையின் பெயர் பதிவாகிறது, மகிழ்ச்சி. பரிசு பெறாத பிள்ளை பாடியது அன்றே காற்றோடு போய்விடுகிறது. வியன்னா சங்கம் நீளம், கடினம் என்று ஒதுக்கி வைத்தது. ஆனால் காகிதம் மிஞ்சியது. நாம் காகிதத்தையும் மிச்சம் வைப்பதில்லை.

ஆகவே ஒரு சின்ன வேலையை முன்வைக்கிறேன். ஒரு வகுப்புக்கு ஒரு கோப்பு. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு படைப்பு. நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது தாள். எதை வைப்பது என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தாளின் கீழே பெயர், வகுப்பு, தேதி, ‘இதை ஏன் தேர்ந்தெடுத்தேன்’ என்று பிள்ளையின் சொந்த வரி ஒன்று. மதிப்பெண் வேண்டாம். நடுவில் பள்ளி மாறினால் சான்றிதழோடு அந்தத் தாளையும் கொடுத்து, ஒரு நகலை நாம் வைத்துக்கொள்வோம். பாட்டாக இருந்தால் கைப்பேசியில் பதிந்து, பெயரும் தேதியும் இட்டுப் பள்ளிக் கணினியில் சேமிக்கலாம். பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழுக்களில் பகிர வேண்டாம். பாட்டியிடம் கேட்ட தெலுங்குப் பாட்டோ ஒடியாப் பாட்டோ என்றால் நமக்குப் பொருள் புரியாமல் போகலாம். பெர்டினாண்டுக்கு எல்லாம் புரிந்துதான் காத்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

“இத்தனை பிள்ளைகளில் எத்தனை பேர் ஷூபர்ட் ஆகப் போகிறார்கள்?” என்று ஒருவர் கேட்கலாம். ஒருவரும் ஆகாமல் போகலாம். பத்தாண்டு கழித்து ஓர் இளைஞன் வந்து, தான் நான்காம் வகுப்பில் எழுதிய தாளைப் பார்த்தால் அதுவே போதும். இந்தப் பள்ளி தன்னை ஒரு பொருட்டாக மதித்தது என்பது அவனுக்குத் தெரியும்.

வகுப்பறையில் இருபது நிமிடம்

செய்து பார்க்க ஒரு பாடவேளை யோசனை. முதலில் நொட்டுஸ்வரம் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது பிரிட்டன் நாட்டுப்பண்ணின் மெட்டில் அமைந்தது. உயர்வகுப்பில் வரலாற்றுப் பாடத்தோடும் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்து, ஷூபர்ட்டின் பெரிய சிம்பொனியின் முதல் பகுதி. தொடக்கத்தில் இரண்டு பித்தளைக் கொம்புகள் மட்டும், துணை ஏதும் இல்லாமல், ஒரு மெட்டை ஊதும். அதை இரண்டு மூன்று முறை போட்டு, பிள்ளைகளை முணுமுணுக்கச் சொல்லுங்கள். பிறகு அதே பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்தைப் போடுங்கள். தனியாக வந்த அந்த மெட்டு முழு வாத்தியக் குழுவோடு முழங்கித் திரும்பி வரும். அடையாளம் கண்டதும் கையைத் தூக்கச் சொல்லுங்கள். முதலில் கை தூக்கும் பிள்ளை, தேர்வில் முதலில் வரும் பிள்ளையாக இருக்காமல் போகலாம். நமக்கும் அது ஒரு மதிப்பீடுதான்.

ஒரு வேண்டுகோள். இளையராஜாவைப் பற்றிச் சொல்லும்போது ‘ஆசியாவின் முதல் சிம்பொனி’ என்ற பட்டத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிப் போட வேண்டாம். ஜப்பானின் கோசாகு யமடா 1912லேயே சிம்பொனி எழுதிவிட்டார். பண்ணைப்புரத்தில் பிறந்து, மேடை மேடையாகப் பாடி, வளர்ந்த பிறகு இசை எழுத்துக் கற்று, 81 வயதில் தம் சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றினார் என்ற உண்மையே பெரிது. அதற்கு மேல் நகை பூட்ட வேண்டியதில்லை.

வரும் ஏப்ரலில், நோட்டுகளை எடைக்குப் போடும் முன், வகுப்புக்கு ஒரு கோப்பு வாங்கி வையுங்கள். அடுத்த கூடுகைக்கு அதில் ஒரு தாளைக் கொண்டுவாருங்கள். நாம் எல்லோரும் சேர்ந்து படிப்போம்.